மனம் கனத்திருக்கும்போது மசாலா பூசணி ரொட்டி சுடுவது பற்றி

மழைமேகம் எழுதியது:

அக்கா இறந்ததிலிருந்து வீட்டில் ஓவனை யாரும் தொடவில்லை. அழுகை ஓரளவு அடங்கிவிட்டது. வேலைக்குப் போகிறேன், நாலு பேரிடம் பேசுகிறேன், ஆனால் எதிலும் பிடிப்பு இல்லை. பசித்தால் எதையாவது சூடாக்கி விழுங்குகிறேன், அவ்வளவுதான். இப்போது சமையலறையில் ஒரு முழு மஞ்சள் பூசணி இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பட்டை, சுக்கு, கிராம்பு போட்டு ஒரு பூசணி ரொட்டி சுட்டால் என்ன என்று தோன்றுகிறது, ஏனென்றால் அக்காவும் நானும் சேர்ந்து அடிக்கடி சுட்டது அதுதான். தோன்றிய அடுத்த நிமிடமே வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, கவனம் நிற்காத ஆள் சுடுவதற்கு இது ஏற்றதா? செய்முறையை எடுத்தால் நாலாவது வரி படிக்கும்போது முதல் வரி மறந்துவிடுகிறது, பாதியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று அந்த மணம். கிராம்பும் பட்டையும் சூடாகி வரும் அந்த மணம் வீடு முழுக்க நிறைந்தால் எனக்குத் தாங்குமா? இதே மாதிரி நேரத்தில் சுட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரொட்டியா மஃபினா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுமனைக்காரர் எழுதியது:

அக்காவைப் பற்றிப் படித்து மனம் வருந்தியது, மழைமேகம். உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் விரிவாகவே பதில் சொல்கிறேன், பல வருடம் அடுமனையில் நின்றவன் நான்.

ஏற்றதுதான். சொல்லப்போனால் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் சொல்லமாட்டேன். இதில் ஈஸ்ட் கிடையாது, அதனால் மாவு பொங்குகிறதா என்று காத்திருக்க வேண்டாம், பிசைய வேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும் வேலையும் இல்லை, எண்ணெய்தான் ஊற்றுகிறோம். இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு தட்டு போதும். ஒன்றில் ஈரமானவை, ஒன்றில் உலர்ந்தவை, கடைசியில் இரண்டையும் சேர்த்து அச்சில் ஊற்றுவது.

பாதியில் விட்டுவிடுவேனோ என்றீர்களே, அதற்கும் இதில் இடம் உண்டு. பூசணியை வேகவைத்து மசித்து ஃபிரிட்ஜில் மூடிவைத்தால் இரண்டு மூன்று நாள் தாராளமாக இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உலர்ந்த பொருட்களை ஒரு டப்பாவில் அளந்து கலந்து மூடிவிட்டால் அது வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். ஆக ஒரு நாள் பூசணி, இன்னொரு நாள் மாவு, தெம்பு வருகிற நாளில் சுடுவது என்று பிரித்துக்கொள்ளலாம். திரும்ப முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான்: ஈரமும் உலர்ந்ததும் சேர்ந்துவிட்டால் சோடா வேலையைத் தொடங்கிவிடும், அப்புறம் நிறுத்தி வைக்கக் கூடாது, உடனே ஓவனுக்குள் போக வேண்டும். அதனால் ஓவன் சூடான பிறகுதான் இரண்டையும் சேருங்கள்.

அளவு இதோ, இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், திரும்பத் திரும்பப் படிக்கலாம். டப்பாவில்: மைதா 210 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் இரண்டு தேக்கரண்டி, சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் கால், கிராம்புத்தூள் கால். பாத்திரத்தில்: பூசணி மசியல் 240 கிராம், பழுப்புச் சர்க்கரை 200 கிராம், எண்ணெய் 120 மில்லி, முட்டை இரண்டு, தயிர் இரண்டு மேசைக்கரண்டி. சோடாவுக்கு அமிலம் வேண்டும், பூசணியும் பழுப்புச் சர்க்கரையும் லேசான அமிலம்தான், தயிர் அதற்குக் கை கொடுக்கும். தயிர் இல்லாவிட்டாலும் ரொட்டி எழும்பும், அதற்காக வெளியே ஓட வேண்டாம்.

23க்கு 13 சென்டிமீட்டர் ரொட்டி அச்சு, 175 டிகிரி, 55 முதல் 65 நிமிடம்.

தனிச்சமையல் எழுதியது:

அடுமனைக்காரர் சொன்ன செய்முறையில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை, ஆனால் அதை ரொட்டியாகச் சுட வேண்டாம் என்பேன். மஃபினாகச் சுடுங்கள்.

காரணம் அந்த ஒரு மணி நேரம். மனசு சரியில்லாதபோது கலக்குகிற வேலையெல்லாம் எப்படியோ நடந்துவிடும், கை தானாகச் செய்யும். அதற்குப் பிறகு பாத்திரத்தையும் கழுவிவிட்டுச் சும்மா நிற்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் கடினம், எல்லாம் அப்போதுதான் மேலே ஏறி உட்காரும். மஃபின் என்றால் 190 டிகிரியில் 18 முதல் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். மேலே சொன்ன அளவுக்குச் சுமார் 12 வரும், குழியில் முக்கால் அளவு ஊற்றினால் போதும்.

நான் தனியாக இருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு முழு ரொட்டி மேசையில் இருந்தால் அதை முடிக்க வேண்டுமே என்பதே ஒரு பாரம், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அதையே பிய்த்துப் பிய்த்துத் தின்று முடிப்பது. மஃபின் ஆறியதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். வேண்டும்போது ஒன்று எடுத்து வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி வெளியே வைப்பதைவிடச் சீக்கிரம் வறட்டிவிடும். வெளியே மூடிவைத்தால் இரண்டு மூன்று நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

இரவல்குடை எழுதியது:

எல்லோரும் செய்முறைக்குப் போய்விட்டீர்கள். மழைமேகம் கேட்டது செய்யலாமா என்பதையும்தான், அதனால் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன், மன்னிக்கவும்.

எனக்கு மிக நெருங்கிய ஒருவர் இப்படியொரு காலத்தில் சுட ஆரம்பித்தார். முதலில் எங்களுக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தது, பரவாயில்லை, எழுந்து நடமாடுகிறாரே என்று. அப்புறம் தினமும் சுட்டார். நள்ளிரவில் சுட்டார். சுட்டதில் ஒரு துண்டுகூட அவர் சாப்பிட்டதில்லை, எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுவார். நாங்கள் பேச உட்கார்ந்தால் ஓவன் மணி அடிக்கும், எழுந்து போய்விடுவார். சமையலறை அவருக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது, அது எங்களுக்குப் புரிய நாளாயிற்று. கையில் ரொட்டியோடு இருப்பவரைப் பார்த்து நீங்கள் நன்றாக இல்லை என்று யார் சொல்வார்கள்?

அதனால் சுடுவது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருக்காக, எதிலிருந்து தப்பிக்க, எந்த நேரத்தில் என்பதையெல்லாம் பார்க்க வேண்டாமா?

நீலச்சட்டி எழுதியது:

இரவல்குடை எழுப்பியது நியாயமான கவலை. நான் மனநலத் துறையில் வேலை செய்பவள், ஆனால் இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தெரிந்ததைப் பகிர்கிறேன்.

மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் செயல்வழித் தூண்டல் என்று ஒன்று உண்டு. மனநிலை சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு அர்த்தம் தந்த சின்னச் சின்னக் காரியங்களைத் திட்டமிட்டு, மனநிலை எப்படி இருந்தாலும் அந்த நேரத்தில் செய்வது, செய்தபின் எப்படி இருக்கிறது என்று கவனிப்பது. இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனை 2016ல் வெளிவந்தது, இந்த எளிய முறை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை என்று அதில் தெரிந்தது. அதே 2016ல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 658 இளைஞர்கள் 13 நாள் நாட்குறிப்பு எழுதினார்கள், படைப்பாக ஏதாவது செய்த நாளுக்கு மறுநாள் அவர்கள் கூடுதல் உற்சாகமாக இருந்ததாகச் சொன்னார்கள். இது சோதனை இல்லை, நாட்குறிப்புதான், அதனால் ரொட்டி சுட்டால் துக்கம் தீரும் என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது.

தப்பித்தலுக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே என்றால், நான் பார்க்கிறது இதைத்தான்: செய்து முடித்தபின் நீங்கள் மனிதர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறீர்களா, இல்லை இன்னும் தள்ளிப் போகிறீர்களா. தூங்க வேண்டிய நேரத்தில் சுடுவது, சாப்பிடாமல் சுடுவது, யாராவது பேச வந்தால் சுடுவது, இதெல்லாம் இரவல்குடை சொன்ன பக்கம். ஒரு சனிக்கிழமை காலை என்று முன்கூட்டியே குறித்து, பகலில் சுட்டு, ஒன்றை உட்கார்ந்து சாப்பிட்டால் அது வேறு.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவை இழந்தவருக்குப் பிடிப்பில்லாமல் இருப்பது நோய் ஆகாது. ஆனால் பெரும்பாலான நாட்கள், நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் சுற்றிக்கொண்டே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் எண்ணக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஜாதிபத்திரி எழுதியது:

மழைமேகத்தின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. மணம்.

மற்ற புலன்களின் செய்தியெல்லாம் மூளையில் தலாமஸ் என்ற இடத்தில் ஒரு முறை நின்றுதான் மேலே போகும். மணம் அங்கே நிற்பதில்லை, மூக்கிலிருந்து முகர்வு மையத்துக்குப் போய் அங்கிருந்து நேரே உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளைத் தொட்டுவிடும். அதனால்தான் புகைப்படத்தைப் பார்த்து அழாதவர்கூட ஒரு புடவை மணத்தில் உடைந்துபோகிறார். உங்களுக்குத் தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் எதிர்பாராமல் வந்து தாக்குவதற்கும் நாமே நேரம் குறித்து வரவழைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாவில் சேர்ப்பதற்கு முந்தின நாள் மசாலா டப்பாவைத் திறந்து ஒரு நிமிடம் முகர்ந்து பாருங்கள். முடியவில்லை என்றால் மூடிவிடலாம். ஓவனுக்குள் போன பிறகு வரும் மணத்தை அப்படி மூட முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது, மசாலாவையே மாற்றிக்கொள்வது. இந்தக் கலவையில் ரொம்ப ஆளுமை காட்டுவது கிராம்பு, அதில் உள்ள யூஜினால்தான் அந்த அழுத்தமான, மூக்கைப் பிடிக்கும் மணம். கிராம்பை விட்டுவிட்டு ஏலக்காய் அரைத் தேக்கரண்டியும் ஆரஞ்சுத் தோல் துருவலும் போட்டுப் பாருங்கள், பூசணி ரொட்டிதான், ஆனால் அந்தப் பழைய ரொட்டியாக இருக்காது. அக்காவின் ரொட்டியை இன்றைக்கே சுட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது இருக்கட்டும், பிறகு ஒரு நாள் சுடலாம்.

பட்டையில் இரண்டு வகை இருப்பது தெரிந்திருக்கும். மெல்லிசாகச் சுருள் சுருளாக, விரலால் நொறுங்கும் இலங்கைப் பட்டை மென்மையானது, தடித்த காசியா காரமானது. சுடும் பண்டத்துக்குக் காசியாதான் எடுப்பாகத் தெரியும். காசியாவில் கூமரின் அதிகம், தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது, எப்போதாவது சுடும் ரொட்டிக்குக் கவலையில்லை. ஜாதிக்காயை முழுதாக வாங்கி அப்போதே துருவுங்கள், பொடியாக வாங்கியது சீக்கிரம் மணம் இழந்துவிடும். அளவு கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், ஜாதிக்காய் அளவு மீறினால் உடம்புக்குக் கெடுதல் செய்யும் பொருள்.

எனக்கு இந்த ரொட்டியைப் பற்றி நினைத்தாலே ஒரு ஆச்சரியம் வரும், அதையும் எழுதிவிடுகிறேன். பூசணி மெக்சிகோவில் ஏறக்குறைய 10,000 வருடங்களுக்கு முன்பே மனிதர்கள் பயிரிட்டது, ஓஹாக்கா பக்கத்துக் குகையொன்றில் அதன் விதைகள் கிடைத்திருக்கின்றன. ஜாதிக்காயோ இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில், கிராம்பு அங்கேயே மொலுக்கஸ் தீவுகளில், பட்டை தெற்காசியாவில். உலகத்தின் இரண்டு ஓரங்களில் இருந்தவை ஒரு பாத்திரத்தில் சேர எத்தனை கப்பல்கள், எத்தனை கொடுமைகள். இப்போது இந்தக் கலவை டப்பாவில் அடைத்தே கிடைக்கிறது, மெக்கார்மிக் நிறுவனம் 1934லேயே பூசணிப் பை (pie) என்ற இனிப்புப் பண்டத்துக்கான மசாலா என்று விற்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் முடிந்தால் நீங்களே கலந்துகொள்ளுங்கள், எது வேண்டாமோ அதை விட்டுவிடலாம் இல்லையா.

மழைமேகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவல்குடை, நீங்கள் மன்னிப்புக் கேட்கவே வேண்டாம், அந்த நெருங்கிய ஒருவரைப் பற்றி எழுதியதைத்தான் நான் அதிகம் யோசித்துக்கொண்டிருந்தேன். ராத்திரியில் சுடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பூசணியை வெட்டி வேகவைத்து மசித்தாயிற்று, அதோடு அன்றைய தெம்பு முடிந்தது. மசாலா டப்பாவைத் திறந்தும் பார்த்தேன். பட்டை, சுக்கு பரவாயில்லை. கிராம்பைத் திறந்ததும் மூடிவிட்டேன். ஜாதிபத்திரி, நீங்கள் சொன்ன ஏலக்காய் வழிதான் எனக்கு இப்போது.

மசியல் தண்ணீராக இருக்கிறது, ஊற்றினால் ஓடுகிறது. இப்படியே போடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும், கொஞ்ச நாளாக எதைச் சாப்பிட்டாலும் ருசியே தெரியவில்லை. சுட்டுவிட்டு அதுவும் அட்டை மாதிரி இருந்தால் இன்னும் உடைந்துபோவேனோ என்று தோன்றுகிறது.

அடுமனைக்காரர் எழுதியது:

அப்படியே போடாதீர்கள். பூசணியில் கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணீர்தான், தண்ணீரில் வேகவைத்தால் அதற்கு மேலும் குடித்துவிடும். இதனால்தான் பலருக்கு ரொட்டியின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் களி மாதிரி ஒரு அடுக்கு உட்கார்ந்துவிடுகிறது, மேலே வெந்த மாதிரி இருக்கும், வெட்டினால் அடி வேகவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது சுலபம். மெல்லிய துணியை வடிகட்டியில் விரித்து மசியலைக் கொட்டி ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள், தண்ணீர் தானாக இறங்கும். அவசரம் என்றால் அகலமான சட்டியில் போட்டு மிதமான தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறுங்கள். எனக்குப் பிடித்தது சட்டிதான். தண்ணீர் போவதோடு சர்க்கரைச் சத்து லேசாகப் பழுப்பேறி மணமும் கூடும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் தொப்பென்று விழ வேண்டும், வழியக் கூடாது, அதுதான் பதம். ஆறிய பிறகே முட்டையோடு சேருங்கள். அடுத்த முறை தண்ணீரில் போடாமல் பூசணியை இரண்டாக வெட்டி, விதையை எடுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து 200 டிகிரி ஓவனில் வையுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கும்போது எடுத்தால் போதும், அளவைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தோல் தானே கழன்று வரும்.

மசியலை ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பாகவோ சப்பென்றோ இருக்கலாம். கசந்தால் மட்டும் முழுவதையும் கொட்டிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பூசணிக் குடும்பத்தில் அபூர்வமாகக் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் அதிகமாகிவிடும், சமைத்தாலும் போகாது, வயிற்றை மோசமாகக் கெடுக்கும். ருசி தெரியவில்லை என்கிறீர்கள், அதனால் சந்தேகம் இருந்தால் வேறு யாரையாவது ஒரு துளி ருசி பார்க்கச் சொல்லுங்கள். மாவு சேர்த்த பிறகு பச்சையாக நக்கிப் பார்க்காதீர்கள், முட்டை மட்டுமில்லை, பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம்.

நீலச்சட்டி எழுதியது:

ருசி பற்றி. பசியும் ருசியும் மங்குவது மனம் சோர்ந்திருக்கும்போது மிக வழக்கமாக நடப்பது, பசி மாறுவது மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்றாகவே மருத்துவர்கள் கேட்கும் கேள்வி. அது உங்கள் சமையலைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. சளி, காய்ச்சல் ஏதாவது வந்து அதன்பிறகு ருசி போயிருந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

சுட்டதும் அட்டை மாதிரி இருந்தால் என்ன செய்வது என்று இப்போதே ஒன்று முடிவு செய்துகொள்ளுங்கள், இதை நான் வேலையிலும் எல்லோரிடமும் சொல்வேன். அந்த ஒரு வாயை வைத்து எதையும் முடிவு செய்யாமல் மீதியை ஃப்ரீசரில் வைத்துவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஒன்று எடுத்துச் சாப்பிடுங்கள். ருசி ஒரே நாளில் திரும்பி வராது, ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்றில் லேசாகத் தெரியும்.

இரவல்குடை எழுதியது:

நான் எதிர்ப்பக்கம் நின்றாலும் மழைமேகம் சுட வேண்டாம் என்று சொல்லவில்லை, அது புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். இப்போது எனக்கு ஒரு கேள்வி. 12 மஃபின் வரும் என்கிறீர்கள், அதை யார் சாப்பிடுவது? கொடுப்பது என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. நான் சொன்ன அந்த நெருங்கியவர் கொடுத்துக் கொடுத்தே தன்னைக் காலி செய்துகொண்டவர்.

தனிச்சமையல் எழுதியது:

முதல் மஃபின் சுட்டவருக்கு. அதைத் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ருசி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். நின்றுகொண்டு சாப்பிடுவது கணக்கில் வராது. இந்த ஒரு விதியை நான் எனக்கு வைத்துக்கொண்டேன், ரொம்ப உதவியது.

அதற்குப் பிறகு கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஒரு ஆளுக்குக் கொடுங்கள், பத்துப் பேருக்கு வேண்டாம். யாரிடம் பேச வேண்டும் என்று நினைத்து பேசாமலே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்களோ அவருக்கு. துக்கத்தில் இருப்பவரிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் பயம், கேட்டால் பதில் சொல்லவும் பயம். இரண்டு மஃபினைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் பேச்சு பூசணியில் ஆரம்பிக்கும், எங்கே போக வேண்டுமோ அங்கே தானாகப் போய்ச் சேரும். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பி வராதீர்கள், உள்ளே போய் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். இரவல்குடை சொன்னவர் கொடுத்துவிட்டு ஓடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இரவல்குடை எழுதியது:

ஆமாம். வாசலோடு திரும்பிவிடுவார். செருப்பைக் கழற்றியதே இல்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைக்கிறது, இத்தனை நாளும் கொடுத்ததுதான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைமேகம், அக்காவைத் தெரிந்த யாராவது அருகில் இருக்கிறார்களா? இருந்தால் அவருக்குக் கொடுங்கள். அவரும் பேச ஆளில்லாமல் இருக்கலாம்.

மழைமேகம் எழுதியது:

இருக்கிறார். அக்காவோடு படித்த தோழி, இரண்டு தெரு தள்ளி. காரியத்துக்கு வந்ததோடு சரி, அப்புறம் நான்தான் அவர் அழைத்தால் எடுப்பதில்லை. யோசிக்கிறேன். நிச்சயம் என்று இப்போது சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி என்று குறித்திருக்கிறேன். உலர்ந்த டப்பா தயார், ஏலக்காயோடு. மசியலைச் சட்டியில் வற்றவைத்தேன், தொப்பென்று விழுகிறது, கசப்பில்லை என்று பக்கத்து வீட்டம்மா ருசி பார்த்துச் சொன்னார். அடுமனை அண்ணா, அக்காவின் தோழி முட்டை சாப்பிடமாட்டார், அதனால் முட்டை இல்லாமல் செய்யலாமா? கடைசியாகக் கலக்கும்போது எவ்வளவு நேரம் கலக்க வேண்டும், வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, இந்த இரண்டும்தான் எனக்கு எப்போதும் பயம். இதெல்லாம் அக்காதான் பார்ப்பார், நான் அளந்து கொடுப்பதோடு சரி.

அடுமனைக்காரர் எழுதியது:

முட்டை இல்லாமல் தாராளமாகச் செய்யலாம், பூசணி மசியலே பாதிப் பிடிப்பைக் கொடுத்துவிடும். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். கலந்து பத்து நிமிடம் வைத்தால் வழவழவென்று ஆகும். உங்களுக்கு இரண்டு மடங்கு வேண்டும். மஃபின் கொஞ்சம் அடர்த்தியாக வரும், உயரம் சற்றுக் குறையும், ருசியில் குறை இருக்காது. ஆளிவிதை போட்டால் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கலாம்.

கலப்பது பற்றி: குறைவாகக் கலந்தால் கெடாது, அதிகம் கலந்தால்தான் கெடும். ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, கரண்டியை அடியில் விட்டு மேலே புரட்டுங்கள், பதினைந்து இருபது புரட்டலில் முடிந்துவிடும். வெள்ளை மாவு கண்ணில் படாத கணத்தில் நிறுத்துங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தால் தெரியட்டும், ஓவனில் அவையே கரைந்துபோகும். மேலும் மேலும் அடித்தால் மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இழுபட்டு மஃபின் ரப்பராகும், உள்ளே சுரங்கம் மாதிரி ஓட்டைகள் விழும். கோபமோ அழுகையோ வந்தால் கரண்டியை வைத்துவிடுங்கள், மாவைப் போட்டு அடிக்க வேண்டாம். அந்த நேரத்தில் அச்சில் ஊற்றி உள்ளே வைத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், ஓவன் அதன் வேலையைப் பார்க்கும். அலாரம் மட்டும் வைத்துவிடுங்கள்.

வெந்ததைக் கண்டுபிடிக்க: 18வது நிமிடத்தில் நடுவில் இருக்கும் மஃபினில் பல் குத்தும் குச்சியை இறக்குங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். ஒன்றிரண்டு ஈரத் துணுக்குகள் மட்டும் ஒட்டினால் எடுத்துவிடலாம். குச்சி முற்றிலும் உலர்ந்து வரும்வரை காத்திருக்காதீர்கள், பூசணி மஃபின் உள்ளே ஈரமாகத்தான் இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 95 டிகிரியை ஒட்டி இருக்கும். விரலால் மேலே மெல்ல அழுத்தினால் எழும்பி வர வேண்டும். மேலே வெடித்திருந்தால் அது சரியான அடையாளம்தான், வெளித்தோல் முதலில் இறுகிவிடுவதால் உள்ளே எழும்பும் மாவு தோலைப் பிளந்துகொண்டு வருகிறது.

எடுத்ததும் ஐந்து நிமிடம் அச்சிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டில் எடுத்து வையுங்கள், அச்சிலேயே கிடந்தால் அடி வியர்த்து ஈரமாகும். சூட்டோடு மூடவும் கூடாது. சுட்ட அன்றைக்கு விட மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். மசாலா ஊறி, மேல்தோல் இளகி, எல்லாம் ஒன்றாகியிருக்கும். அதனால் தோழி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம், சனிக்கிழமையே போக வேண்டும் என்று உங்களை நெருக்கிக்கொள்ளாதீர்கள்.

அச்சில் ஊற்றும்போது பன்னிரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சின்னது முன்னாலேயே வெந்து காய்ந்துவிடும். ஐஸ்கிரீம் கரண்டி இருந்தால் அதில் அள்ளி ஊற்றலாம், அளவு மாறாது. சந்தேகம் வந்தால் சனிக்கிழமை காலை இங்கேயே கேளுங்கள், பத்து மணிக்கு நான் இருப்பேன்.

ஜாதிபத்திரி எழுதியது:

நானும் இருப்பேன். ஏலக்காயை அப்போதே இடித்துச் சேருங்கள், முன்பே கலந்திருந்தால் பரவாயில்லை, ஆரஞ்சுத் தோலை மட்டும் கடைசியில் ஈரப் பக்கத்தில் சேருங்கள். வெள்ளைப் பகுதி வரை துருவிவிடாதீர்கள், கசக்கும்.